வேதசாட்சிக்கு மூன்று பிள்ளைகள்

என் அண்ணன் ரெமிஜியஸுக்கு இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பாதிப்பேர், அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று இன்றும் நம்புகிறார்கள். மீதிப்பேருக்கு உண்மை தெரியும். ஆனால் வெளியூர்க்காரர்களிடம் அவனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மாதா கோயிலைச் சுற்றி முந்நூறு வீடு, வீடுகளைச் சுற்றி வயல். அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டான். படிப்பும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கொஞ்ச நாள் ரேடியோ ரிப்பேர் செய்தான். பிறகு வேதாரண்யத்துச் சிங்காரவேலு என்பவரிடமிருந்து ஒரு பழைய வீடியோ டெக்கை வாங்கினான். சிங்காரவேலு கப்பலில் வேலை பார்த்தவர், லீவில் வரும்போதெல்லாம் ஏதாவது சாமான் கொண்டுவந்து விற்பார். காதுகுத்து, சடங்கு, புதுநன்மை என்று எந்த விசேஷமானாலும் அண்ணன் டிவியையும் டெக்கையும் டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டிக்கொண்டு போய் ராத்திரிக்கு இரண்டு படம் போட்டுவிட்டு வருவான்.

தொண்ணூற்றொன்றில் சிங்காரவேலு ஏதோ ஓர் இத்தாலித் துறைமுகத்தில் கிடைத்த கேசட் ஒன்றை அண்ணனுக்குச் சும்மாவே கொடுத்தார். உங்க சாமி படம் மாதிரி இருக்கு, வச்சுக்கங்க என்றாராம். அட்டையில் ஒரு ரோமானியப் படைவீரன். சிவப்புப் போர்வை, குஞ்சம் வைத்த இரும்புத் தொப்பி. அவனுக்குப் பின்னால் வெள்ளை உடையில் ஒரு பெண் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். அவளுக்கும் பின்னால் ஒரு கப்பலின் பாய்மரம், பார்த்தால் சிலுவை மாதிரியே இருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு ரோமானியன் என்றால் ஒரே ஆள்தான்: பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரைச் சாட்டையால் அடிப்பவன். வருஷத்துக்கு ஒரு நாள் வருவான், அடிப்பான், போவான். ரோமானியர்களுக்கும் வேறு ஜோலி இருந்திருக்கும், அவர்களும் பெண் பார்த்திருப்பார்கள், கல்யாணம் செய்திருப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அதனால் அட்டையைப் பார்த்த பங்குச்சாமியார், தவக்காலத்து வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் மைதானத்தில் போடலாம் என்றார். அண்ணன் முதல் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தான். படை நடந்து போனது. அதோடு கரண்டும் போனது. சாமி படம்தான் என்று அவனும் முடிவு செய்துவிட்டான்.

மைதானத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. பங்குச்சாமியார் முன்வரிசையில் நாற்காலியில். தங்கை நான் அண்ணனுக்கு உதவியாக டெக் பக்கத்தில். கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் இறைத்தாள். பைபிளில் ஆண்டவர் தண்ணீர் கேட்ட சமாரியப் பெண் என்று கூட்டம் தலையாட்டியது. அட்டையில் இருந்த படைவீரன் குதிரையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கேட்டான். குடித்தான். குடித்த பிறகும் போகவில்லை. அவள் கையைப் பிடித்தான். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. பங்குச்சாமியார் ஒருமுறை கனைத்தார்.

அண்ணனின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். படத்தை நிறுத்தினால், தவக்காலத்தில் கோயில் வாசலில் காதல் படம் போட்டவன் என்று ஏழு தலைமுறைக்குப் பேர் நிற்கும். பாட்டு எண் சொல்வதற்காக வைத்திருந்த மைக் பக்கத்தில் இருந்தது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அதை எடுத்தான்.

"அன்பான இறைமக்களே," என்று ஆரம்பித்தான். "படைத்தலைவன் மாற்கு கேக்குறான்: பெண்ணே, உன் முகத்துல இவ்வளவு சமாதானம் இருக்கே, நீ எந்தத் தெய்வத்தைக் கும்புடுற?"

திரையில் அந்தப் பெண் சிரித்தாள். அண்ணன் அவளுக்காக விண்ணகத்தைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னான். அவளை யாரோ லிவியா என்று கூப்பிட்டதை வைத்துக்கொண்டு லிவியம்மாள் என்று பேர் வைத்தான். அவள் ஒரு குளத்தில் இறங்கிக் குளித்தபோது அதற்கு ஞானஸ்நானம் என்று பேர் சொல்லிவிட்டு, டெக்கைச் சரிசெய்பவன் போல எழுந்து டிவியை மறைத்தபடி ஒரு நிமிஷம் நின்றான். மாற்கு அவள் வீட்டுச் சுவரேறிக் குதித்தது மனமாற்றத்துக்கு என்றான். கடைசியில் அவள் கப்பலேறினாள், அவன் கரையில் நின்றான். இனி என்ன வருமோ என்று பயந்துபோய் அண்ணன் அங்கேயே டெக்கை நிறுத்தினான்.

"இவ்வாறாக லிவியம்மாள் மண்ணுலக ஆசைய உதறிட்டு, தூர தேசத்துல வேதம் போதிக்கப் போய், அங்கயே வேதத்துக்காக உயிரக் குடுத்து வேதசாட்சியா மரிச்சாங்க."

கூட்டத்தில் விசும்பல் கேட்டது. பங்குச்சாமியார் எழுந்து எல்லோருக்கும் ஆசீர் கொடுத்தார்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அண்ணனும் மீதியைப் பார்த்தோம். இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. லிவியம்மாள் தூர தேசத்துக்குப் போகவே இல்லை. அடுத்த துறைமுகத்திலேயே இறங்கித் திரும்பி வந்துவிடுகிறாள். அதே கிணற்றடி. கல்யாணம். முத்தம், கொஞ்சம் நீளமாகவே. திராட்சைத் தோட்டத்தில் மூன்று பிள்ளைகள் ஓடி விளையாடுவதோடு படம் முடிகிறது. வேதசாட்சிக்கு மூன்று பிள்ளைகளா என்று கேட்டேன். வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே படம்தான் வேண்டும் என்று ஊர் கேட்டது. அதற்கடுத்த வருஷம் பக்கத்துப் பங்குகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். புலிவாலைப் பிடித்த கதைதான். ஒவ்வொரு தடவையும் கப்பல் கிளம்பும் இடத்தில் நிறுத்துவான். அந்த வருஷம் பிறந்த பெண் குழந்தைகளில் மூன்றுக்கு லிவியா என்று பேர் வைத்தார்கள். பங்குச்சாமியார் புனிதர் பட்டியலில் தேடினார், அகப்படவில்லை. தன்னிடம் இருக்கும் பட்டியல் பழையது என்று முடிவுசெய்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்.

ஜூலியட் இந்த இடத்தில்தான் வருகிறாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியநாயகசாமி மாமாவின் மகள், எனக்குச் சிநேகிதி. அப்போது பத்தொன்பது வயது. நாங்கள் இரண்டு பேரும் தஞ்சாவூருக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போவோம். சாயங்காலம் பஸ் வரும் நேரத்தில் அண்ணனுக்குச் சரியாக பஸ் ஸ்டாப்பில் ஏதாவது வேலை இருக்கும். இரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் பேசியதை நான் அப்படியே சொல்ல முடியும்: பஸ் லேட்டா, மழை வருமா, அப்பா நாத்து விட்டாச்சா. ஊர்ப் பெண்களெல்லாம் அவனை அண்ணே என்று கூப்பிடுவார்கள். ஜூலியட் மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். விஷயம் எனக்குப் புரிய இது போதாதா?

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டினானாம். மைக் கையில் இருந்தால் ரோமாபுரியையே பேசவைப்பான். ஜூலியட் எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகவே வருஷத்துக்கு வருஷம் வசனத்தை மெருகேற்றினான். மாற்கு கரையில் நின்று கதறும் இடத்தில் அவன் குரல் நிஜமாகவே தழுதழுக்கும். அதைக் கேட்டு அவளும் அழுவாள். அழுகை அவனுக்காக என்று அவன் நினைத்தான். அவள் லிவியம்மாளுக்காக அழுதுகொண்டிருந்தாள்.

தொண்ணூற்று மூன்று மே மாதம் எங்கள் பங்கில் இறையழைத்தல் முகாம் நடந்தது. இத்தாலியில் தலைமை மடம் உள்ள ஒரு சபையின் கன்னியர்கள் வந்திருந்தார்கள். ஜூலியட் மடத்தில் சேரப் பேர் கொடுத்துவிட்டாள். லிவியம்மாள் மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறப் போகிறேன் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். அன்று சாயங்காலமே அண்ணனிடம் போய், அந்தப் படத்தில் கல்யாணம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிடு என்றேன். ஊர் அடிக்கும் என்றான். சரி, படத்தை விடு, உன் மனதில் இருப்பதையாவது சொல் என்றேன். டெக்கின் மூடியைக் கழற்றித் தூசி துடைக்க ஆரம்பித்தான்.

நானாவது சொல்லியிருக்கலாம். அண்ணன் பிழைப்பு கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது. அவள் புறப்பட்ட அன்று அவளுடைய தகரப்பெட்டியை டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக்கட்டித் தஞ்சாவூர் ஜங்ஷன் வரைக்கும் கொண்டுவந்தவன் அவன்தான். ரயில் நகரும்போது, பத்திரமா என்றான். பெட்டியைச் சொன்னானா, அவளைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் கேபிள் வந்தது. டெக்கை வாடகைக்கு எடுப்பாரில்லை. அண்ணன் மாடியில் டிஷ் ஆன்டெனாக் குடை நட்டு, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் ஒயர் இழுத்து, முந்நூறு வீட்டுக்கும் கேபிள்காரன் ஆனான். ஊரில் ஆம்பளைகள் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் டிவிகள் வந்துகொண்டிருந்தன. நான் தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டேன், என் வீட்டுக்காரரும் குவைத்துக்குப் போனார். அண்ணன் ஒரு லோக்கல் சேனலும் வைத்திருந்தான். மரண அறிவிப்பு, தண்ணீர் திறப்பு, உரக்கடை விளம்பரம், தவக்கால வெள்ளிகளில் லிவியம்மாள். ஒலிப்பதிவு செய்துவைத்தால் ஊர் ஒப்புக்கொள்ளாது என்று வருஷா வருஷம் அவனே மைக் முன்னால் உட்கார்ந்து நேரடியாகச் சொன்னான். அம்மா அவனுக்குப் பதினோரு இடத்தில் பெண் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை கண்டுபிடித்தான். பதினோராவது பெண்ணுக்குக் குறையே இல்லை. அதுதான் தனக்குச் சரிப்படாது என்றான்.

இரண்டாயிரமாம் வருஷம் தவக்காலத்தில் ஜூலியட் வந்தாள். ஆறு வாரம் லீவு. ஆகஸ்டில் நிரந்தர வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால் ஆயுள் முழுக்க மடம்தான். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் ஒருதடவை நன்றாக யோசித்துவிட்டு வா என்று மடத்துத் தலைவி மதர் அனுப்பியிருக்கிறார். ஈஸ்டர் முடிந்து ஐந்தாம் நாள் திரும்பும் டிக்கெட். இதைக் கேட்டதும் நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

சாம்பல் நிற உடுப்பில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அண்ணன் தோளில் ஒயர்ச்சுருளோடு உள்ளே வந்தவன், "ஸ்தோத்திரம் சிஸ்டர்," என்று கும்பிட்டான்.

ஜூலியட் காபியைக் கீழே வைத்தாள். "லிவியா சாகலையே," என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

ஜூலியட் கோபமில்லாமல்தான் சொன்னாள். அவளுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. போன வருஷம் ஈஸ்டர் திங்கட்கிழமை, கிழவிகளோடு உட்கார்ந்து டிவி பார்த்திருக்கிறாள். லிவியம்மாள் வந்தாள். ஆறு வருஷத்தில் இத்தாலியன் படித்திருந்தாளே, கிணற்றடியிலேயே விளங்கிவிட்டது: மாற்கு தெய்வத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவள் பேரைத்தான் கேட்டிருக்கிறான். சரி, போகட்டும் என்று பார்த்திருக்கிறாள். கப்பல் கிளம்பியது. படம் முடிந்துவிட்டதே என்று எழுந்திருக்கிறாள். பக்கத்திலிருந்த தொண்ணூறு வயதுக் கிழவி உடுப்பைப் பிடித்து இழுத்து, உட்காரு, கல்யாணம் இன்னும் வரலை என்றாளாம்.

"தெரிஞ்சுதான் நிறுத்துனீங்களா?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"மொத நாள் தெரியாது. மறுநாள்லேருந்து தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சாமி முன்வரிசைல உக்காந்திருந்தாரு சிஸ்டர்."

"நானும்தான் எட்டாவது வரிசைல உக்காந்திருந்தேன்." காபித் தம்ளரை இன்னும் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஊருக்கே மைக்ல பேசுனீங்க. எங்கிட்ட மைக் இல்லாம ஒரு வார்த்தை பேசலையே."

அண்ணன் ஒயர்ச்சுருளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். தெற்குத் தெருவில் கேபிள் அறுந்து கிடப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். தெற்குத் தெருவில் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை வெண்ணாற்றில் தள்ளியிருப்பேன், அந்த மாதம் ஆற்றில் தண்ணீர் இல்லை.

ஜூலியட்டிடம், அங்கே போனது வீண் என்று நினைக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கிழவிகளைக் குளிப்பாட்டியதும் அவர்கள் சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நல்ல வேலைதான், அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஆயுளுக்கும் வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால், போனதற்குக் காரணம் ஆண்டவரா, அல்லது என் அண்ணன் மைக்கில் விட்ட கதையா என்று தெரிய வேண்டும் அல்லவா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றாள்.

அடுத்த நான்கு வாரம் அண்ணன் அவள் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கோயிலில் பார்த்தால் ஸ்தோத்திரம் சிஸ்டர். வாய்க்கால் பாலத்தில் பார்த்தால் ஸ்தோத்திரம் சிஸ்டர். வெள்ளிக்கிழமைகளில் லிவியம்மாளை வழக்கம்போலக் கப்பலேற்றி வேதசாட்சியாக்கினான். முன்பு போலக் குரல் தழுதழுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் கடைசித் தடவை. சிலுவைப்பாதை முடிந்து நான் பெரியநாயகசாமி மாமா வீட்டில் இருந்தேன். ஜூலியட் கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் அண்ணன் பிள்ளைகள் மடியில் கிடந்தார்கள். டிவியில் கிணற்றடி, ஞானஸ்நானம், சுவர். அண்ணன் குரல் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தது. மாமா பன்னிரண்டாவது தடவையாகக் கண்ணைத் துடைத்தார். கப்பல் கிளம்பியது. மாற்கு கரையில் நின்றான். நான் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

படம் நிற்கவில்லை.

"அன்பான இறைமக்களே," என்றது அண்ணன் குரல். "ஒம்பது வருசமா இந்த எடத்துல நிறுத்திட்டேன். இன்னும் இருபத்திரண்டு நிமிசம் இருக்கு. லிவியம்மா வேதசாட்சி இல்லை. நான் சொன்னது அத்தனையும் நானா கட்டுனது. என்னை மன்னிக்கணும். மீதிய நீங்களே பாருங்க. நான் பேசலை."

டக்கென்று மைக் அணைந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தப் படம் தன் சொந்தக் குரலில் பேசியது. ஒருவருக்கும் விளங்கவில்லை. ஜூலியட் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப வேதசாட்சி இல்லையாம்மா?" என்றார்.

இல்லைப்பா என்றாள். லிவியா துறைமுகத்தில் இறங்கி, கால் நடையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அதற்குள் வாசலில் டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் கேட்டது. சேனல் அறையிலிருந்து மாமா வீட்டுக்கு நடந்தே வரலாம். இருந்தாலும் வண்டியில் வந்திருக்கிறான். வழியில் மனசு மாறிவிடும் என்று பயந்திருப்பான். நிலைப்படியில் வந்து நின்றான். வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. இடுப்பில் குறடும் டெஸ்டரும் அப்படியே தொங்கின. மாமா இருந்தார், மாமி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள், நான் இருந்தேன். அவன் யாரையும் பார்க்கவில்லை.

"ஜூலியட்டு," என்றான். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பேர் அவன் வாயில் வந்தது. "போகாத."

மைக் இல்லாமல் அவன் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

மாமி கையிலிருந்த ஜபமாலை நின்றுபோனது. ஜூலியட் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் காலை நகர்த்திப் பக்கத்தில் இடம் செய்தாள்.

"உக்காருங்க," என்றாள். "கல்யாணம் இன்னும் வரலை."

அண்ணன் உட்கார்ந்தான். கல்யாணம் வந்தது. முத்தம் வந்தபோது மாமி பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினாள். திராட்சைத் தோட்டத்தில் மூன்று பிள்ளைகளும் ஓடினார்கள். ஜூலியட் சொன்னபடியே ஈஸ்டருக்கு அப்புறம் விமானம் ஏறினாள். மடத்தில் முறைப்படி உத்தரவு வாங்கிக்கொண்டு, உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டுக்கு முன்பே அதே தகரப்பெட்டியோடு சேலையில் வந்து இறங்கினாள். அவளை நான் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த வருஷம் செப்டம்பரில், மாதா பிறந்தநாள் கழித்து.

அந்த வெள்ளிக்கிழமை படம் முடிந்த பிறகு டெக்கை நிறுத்த சேனல் அறையில் ஆளில்லை. முந்நூறு வீட்டு டிவியிலும் வெறும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. வழக்கமாக ஐந்து நிமிஷம் படம் வராவிட்டால் கேபிள்காரன் எங்கே என்று ஊரே வாசலுக்கு வந்துவிடும். டிவிஎஸ் ஃபிப்டி எங்கே போய் நின்றது என்று தெரிந்துதானோ என்னவோ, அன்றைக்கு ஒருவரும் வந்து கேட்கவில்லை.